படகு தண்ணீர் குடித்த வாரம்

யெரே படகு வாங்கியிருக்கிறான் என்ற செய்தி படகுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் படகு வந்தது, லாரியில். கடலில் வர வேண்டிய சாமான் லாரியில் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? துறைமுகத்துக் காபிக் கடை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, பிரேத ஊர்வலத்துக்கு வழிவிடுகிற மாதிரி தொப்பியைக் கழற்றினார்கள். வண்டி ஏற்றும் கப்பலிலிருந்து இறங்கிய லாரியின் முன்சீட்டில் இருந்த யெரே முகத்தைத் திருப்பவே இல்லை. தீவின் ஒரே பஸ்ஸை இத்தனை வருஷமாக ஓட்டுகிற மனுஷன். அவன் பஸ்ஸில் ஏறாத ஆள் ஊரில் கிடையாது. ஆனாலும் படகு இல்லாதவனை எங்கள் பக்கத்தில் முழு ஆம்பிளையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. முறையா இல்லையா என்று கேட்டால் முறையில்லைதான்.

எங்களுக்கு வீடு ஒரு தீவில், மரம் இன்னொரு தீவில். கோர்நாத் தீவுகளில் ஆள் குடியிருப்பு இல்லை. கல்லும் ஆடும் ஒலிவ மரமும்தான். மோட்டார் படகில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். யெரேயின் அப்பா செத்தபோது மேல்வரிசை மரங்கள் மூத்தவன் பிளாஷுக்கு, கீழ்வரிசை யெரேக்கு என்று பிரித்தார்கள். படகு பிளாஷுக்குப் போனது. பஸ் ஓட்டுகிறவனுக்குப் படகு எதற்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். யெரேயும் அப்படித்தான் நினைத்தான்.

ஆகவே ஒவ்வொரு அறுவடைக்கும் யெரேயும் அவன் பெண்டாட்டி ஸ்லாவ்காவும் பிளாஷின் படகில் முன்பக்கம், சாக்குகளோடு சாக்காக உட்கார்ந்து போவார்கள். பிளாஷுக்கு வாட்டசாட்டமான இரண்டு மகன்கள். மேல்வரிசையை மதியத்துக்குள் உருவித் தள்ளிவிடுவார்கள். பிளாஷ் கிளம்பினால் எல்லாரும் கிளம்பியாக வேண்டும். கீழ்வரிசையில் பாதிக் காய் மரத்திலேயே நின்று பறவைக்குப் போகும்.

போன வருஷம் திரும்பி வரும்போது பிளாஷ் சுக்கானைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "ஏன்டா இந்தக் கஷ்டம்? கீழ்வரிசையையும் எனக்கே எழுதிக் குடுத்துரு. வீட்டுக்கு வேணுங்கிற எண்ணெய நான் தர்றேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனசோடு சொன்னான், அதுதான் ஸ்லாவ்காவுக்குப் பொறுக்கவில்லை. கரையில் இறங்கியதும், "இனி இந்தப் படகுல என் கால் படாது," என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு நடந்தாள். யெரே அதோடு விட்டிருக்கலாம். கோடையில் ஒரு நாள் காபிக் கடையில், எல்லாரும் கேட்க, அண்ணன் முகத்துக்கு நேரே வாயை விட்டான்: "இந்த வருஷம் என் மரத்துல காய் நின்னுச்சுன்னா நானே எழுதித் தர்றேன், போ." எங்கள் ஊரில் காபிக் கடையில் சொன்னது பத்திரம் எழுதியதற்குச் சமம். அதற்கு அப்புறம்தான் படகு தேடக் கிளம்பினான்.

கிடைத்தது பழைய மரப் படகு. ஏழு மீட்டர் நீளம், பழைய டீசல் இன்ஜின். சொந்தக்காரர் பக்கத்துத் தீவைச் சேர்ந்த பார்பா லூயோ. கடலில் காலம் கழித்த வயசாளிகளை நாங்கள் பார்பா என்றுதான் கூப்பிடுவோம். கண் மங்கிப்போய் விற்றார். இரண்டு கோடை முழுக்கப் படகு கரையில் காய்ந்து கிடந்திருக்கிறது. படகுகளைச் செப்பனிடுகிற யார்டில் கட்டைகள் மேல் ஏற்றி வைத்த அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே இறங்கி நின்று பார்த்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு இடுக்காக வெயில் உள்ளே விழுந்தது.

"முதல்ல பெயிண்டு," என்றான் யெரே. "வெள்ளை. மேல ஒரு நீலக் கோடு."

"வெளிச்சம் உள்ள வருது, நீ வெளிய பெயிண்டு அடிக்கிறேங்கிற."

"பார்க்கிறவன் என்ன சொல்லுவான், ஸ்லாவ்கா?"

"பார்க்கிறவன் நம்மகூட கோர்நாத்துக்கு வர்றானா?"

யெரே ஒரு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான். ஸ்லாவ்கா ஓட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவள். கோடை முழுக்க ஆயிரம் படுக்கை விரிப்பைத் துவைத்துத் தள்ளுகிற இடம்.

"எங்ககிட்ட புது மெஷின் வந்தா நான் ரெண்டே விஷயம்தான் பார்ப்பேன்," என்றாள். "தண்ணி எங்க உள்ள வருது, எங்க வெளிய போகுது. அது தெரிஞ்சா மிச்சமெல்லாம் பட்டன்தான்."

"இதுல தண்ணி எல்லாப் பக்கமும் உள்ள வரும்போல இருக்கு."

"அப்ப அதுதான் முதல் வேலை. அடுத்தது வந்த தண்ணிய வெளிய தள்ற பம்ப். அப்புறம் இன்ஜின், அப்புறம் சுக்கான். பெயிண்டு அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷமா?"

"மரம் நம்மகிட்ட இருந்தா அடி."

இன்ஜின் யெரேயின் பாடு. கிரேன் வைத்து வெளியே தூக்கி, யார்டில் மரச் சட்டத்தில் உட்காரவைத்தான். பஸ் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற கை. ஆனால் முதல் நாளே முழித்தான். சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். கடைசியில் பார்பா லூயோவுக்கு போன் போட்டான்.

"பார்பா, ரேடியேட்டரைக் காணோமே. கழட்டி வச்சுக்கிட்டீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. "உன் தீவைச் சுத்தி இருக்கே, அது என்னப்பா?" என்றார் கிழவர். "கடல்தான் ரேடியேட்டர். ஒரு குழாய் கடல்தண்ணிய இழுக்கும், இன்ஜினைச் சுத்தி ஓடவிடும், புகைக்குழாய் வழியா வெளிய துப்பும். துப்புதா துப்புதான்னு பார்த்துக்கிட்டே ஓட்டணும். துப்பாட்டி உடனே நிறுத்திரு. இழுக்கிற இடத்துல ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும், அது எப்படி இருக்குன்னு பாரு."

ரப்பர் சக்கரத்தில் பாதி இதழ்கள் உடைந்துபோயிருந்தன. உடைந்த துண்டுகளை யெரே குழாய்க்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கம்பியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தான். எல்லாம் வந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமே. புது சக்கரம் போட்டு, தண்ணீர் நிறைத்த பீப்பாயில் குழாயை விட்டு ஓட்டியபோது புகைக்குழாய் யெரேயின் செருப்பு மேலேயே துப்பியது. அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும். யெரே மூன்று தட்டு சாப்பிட்டான்.

வயர்கள் ஸ்லாவ்காவின் பாடு. சுவிட்சுப் பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே லூயோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். 'பம்ப்' என்று போட்டிருந்ததைத் தட்டினால் ஹாரன் அலறியது. 'விளக்கு' என்றதைத் தட்டினால் எதுவும் நடக்கவில்லை. 'ஹாரன்' என்றதைத் தட்டினால் பம்ப் ஓடியது. அன்றைக்கு அவள் போன் போட்டாள்.

"பார்பா, உங்க சுவிட்செல்லாம் மாத்தி மாத்தி இருக்கு."

"ஆமா. நான்தான் மாத்தி ஒட்டினேன்."

"எதுக்கு?"

"திருட வர்றவன் அவசரத்துல ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பான்ல. ஹாரன் அடிக்கும். மாட்டிக்குவான்."

"யாராச்சும் மாட்டினானா?"

"நான்தான் ரெண்டு தடவ மாட்டினேன்," என்றார் லூயோ வருத்தத்தோடு. "எதை எங்க மாத்தினேன்னு இப்ப ஞாபகம் இல்ல, மகளே. ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்துக்கோ."

ஒவ்வொரு வயராகக் கையால் தடவிக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பார்த்து, ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டி எறிந்தாள். பம்ப் சுவிட்சுக்கு மட்டும் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். இருட்டில், பயத்தில், கை தேட வேண்டியது அது ஒன்றைத்தான் என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பலகை இடுக்கு என்ற முதல் வேலைதான் அப்படியே நின்றது. கிழவர் அதற்கும் போனில் வழி சொல்லியிருந்தார். பஞ்சு போன இடத்தில் புதுப் பஞ்சு கொடுத்து, உளியால் லேசாகத் தட்டி இடுக்கில் இறக்கிக் கலப்பத்து அடி, அப்புறம் இன்ஜின் இல்லாமல் தண்ணீரில் இறக்கி முழுகவிடு. விளிம்பு வரைக்கும் முழுகட்டும். மூன்று நாலு நாள் கிடந்தால் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து வீங்கும், இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் வைத்தியம்.

எங்கள் அப்பன்மார் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது ஊர் முழுக்க ஃபைபர் படகு. துறைமுகத்தில் ஒரு படகு முழுகிக் கிடந்து எத்தனையோ காலம் ஆகிறது. யெரே அதைக் கேட்டுவிட்டு சரி என்று தலையாட்டினான். ஆனால் அவன் மனசில் ஓடியது வேறு. லாரியில் வந்த படகு, இப்போது காபிக் கடைக்கு நேர் எதிரே தண்ணீருக்கு அடியில் கிடக்கப் போகிறது. தினமும் நாலு தடவை அந்த வழியாக பஸ் ஓட்ட வேண்டியவன் அவன்.

ஸ்லாவ்காவுக்கு ஓட்டலில் சீசன் முடிந்து துணி எண்ணி அடுக்குகிற வேலை. மூன்று நாள் யார்டு பக்கம் வர முடியவில்லை. நாலாவது நாள் வந்து பார்த்தபோது இடுக்கு ஒன்றையும் காணோம். உள்ளே இறங்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வெயில் விழவில்லை.

விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகம்தான் தேய்ந்தது.

"என்ன வச்சு அடைச்ச?"

"ரெண்டு டப்பாவ கலந்து பூசுறது. கல்லு மாதிரி இறுகிடும். இனி முழுகவிட வேண்டிய தேவையே இல்ல."

"பார்பாகிட்ட கேட்டியா?"

"அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? வித்தாச்சுல்ல?"

ஸ்லாவ்கா கேட்டாள். அடுத்த கப்பலிலேயே கிழவர் வந்து இறங்கிவிட்டார், ஒரு பை நிறைய காய்ந்த அத்திப்பழத்தோடு. படகைப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும் அவருக்கு. கண் சரியாகத் தெரியாததால் பலகைமேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். ஒரே இடத்தை விரலால் திரும்பத் திரும்பத் தட்டினார்.

"மரம் தண்ணி குடிச்சா வீங்கும், யெரே," என்றார் கடைசியில். "வீங்கறதுக்கு இடம் வேணும். பஞ்சுன்னா அமுங்கிக் குடுக்கும். நீ கல்லை வச்சிருக்க. பலகை எங்க போகும்? உள்ள விலா மாதிரி நிக்கிற வங்கை நெட்டும், ஆணியைப் பிடுங்கும். கோர்நாத்துக்குப் பாதி வழியில நெட்டுமா, முன்னாடியே நெட்டுமாங்கிறது எனக்குத் தெரியாது."

கிழவர் அத்திப்பழப் பையை ஸ்லாவ்காவிடம் கொடுத்துவிட்டு, படகின் முன்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். கண் வியாதியினாலா, வேறா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஸ்லாவ்கா திட்டுவாள் என்று யெரே காத்திருந்தான். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிடலாம். அவளோ ஓட்டலில் ஓடு பதிக்க வந்தவர்கள் விட்டுப்போன கொக்கி உளியை எடுத்துவந்து, ஒரு பலகையின் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். இறுகிய பூச்சு பொடிப்பொடியாக அவள் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு யெரேயும் இன்னொரு உளியோடு பக்கத்தில் படுத்தான்.

"தெரியாம செஞ்சேன்னு நினைக்காத," என்றான், மேலே பார்த்தபடியே. "பஞ்சுதான் வைக்கணும்னு எனக்கும் தெரியும். அப்பா அப்படித்தான் வைப்பாரு."

"அப்ப ஏன்?"

"முழுகிக் கிடக்கிறத அவன் பார்ப்பான். அதான்."

'அவன்' யார் என்று அவள் கேட்கவில்லை. "பார்த்தா பார்க்கட்டும். கண்ணை மூடிக்கோ, பொடி விழுது," என்றாள்.

ஒரு வாரத்துக்கு மேல் அதில் போயிற்று. காலை பஸ்ஸுக்கும் மதிய பஸ்ஸுக்கும் நடுவில் யெரே சுரண்டினான், சாயங்காலம் இரண்டு பேரும் சுரண்டினார்கள். காய் கறுக்க ஆரம்பித்துவிட்டது என்று கோர்நாத் போய் வந்தவர்கள் சொன்னார்கள். கடைசி இடுக்குக்குப் பஞ்சு கொடுத்து முடித்த திங்கட்கிழமை, கிரேன் படகைத் தூக்கிக் காபிக் கடைக்கு எதிரே தண்ணீரில் வைத்தது. இரண்டு பக்கமும் கயிறு. இருவரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் உள்ளே நிதானமாக ஏறியது. மதியத்துக்குள் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

ஊர் தன் கடமையைச் செய்தது. "யெரே, பஸ்ஸையும் கொஞ்சம் ஊறப்போடு, சீட்டெல்லாம் காஞ்சு கிடக்கு" என்றான் ஒருத்தன். "மீன் பிடிக்க இது நல்ல முறை, மீனே உள்ள வந்துரும்" என்றான் இன்னொருத்தன். பஸ்ஸில் ஏறிய கிழவிகள்கூட டிக்கெட் வாங்கும்போது துக்கம் விசாரித்தார்கள். யெரேக்கு முதல் நாள் காது சிவந்தது. இரண்டாம் நாள் அவனே சிரித்துவிட்டான். சிரித்ததும் மற்றவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பிளாஷ் வந்தான். கரையில் தம்பிக்குப் பக்கத்தில் நின்று, முழுகிக் கிடந்த படகை ரொம்ப நேரம் பார்த்தான்.

"சனிக்கிழமை போறோம்," என்றான். "அதுக்கு மேல காத்து மாறிடும்ங்கிறாங்க. ரெண்டு பேரும் எங்களோட வந்துருங்கடா. காபிக் கடையில பேசினதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல."

யெரே தண்ணீரைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தால் போதும். காய் வீட்டுக்கு வந்துவிடும், பாதியாவது வரும். ஸ்லாவ்கா கொஞ்சம் தள்ளி கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி நின்றாள். அவன் என்ன சொன்னாலும் ஏற்பது என்று முடிவு செய்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

"நாங்களும் சனிக்கிழமைதான் வர்றோம், அண்ணே," என்றான் யெரே. "எங்க படகுல."

"எந்தப் படகுல?"

"இதுலதான்."

பிளாஷ் சிரிக்கவில்லை. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை தண்ணீரை இறைத்தார்கள். வாளி வாளியாக இரண்டு பேரும். அடிப்பலகை தெரிந்ததும் ஸ்லாவ்கா மண்டியிட்டு இடுக்குகளைத் தடவிப் பார்த்தாள். பலகையும் பலகையும் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருந்தன. பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் கசிவு இருந்தது. மதியம் வரைக்கும் பார்த்தார்கள், கூடவில்லை. "பம்ப் பார்த்துக்கும்," என்றாள். அன்று இரவுக்குள் கிரேன் இன்ஜினைப் படகுக்குள் இறக்கியது. வெள்ளிக்கிழமை யெரே இன்ஜினைப் பூட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸை அவன் மச்சினன் ஓட்டினான்.

சனிக்கிழமை கடல் வழவழவென்று கிடந்தது. பெயிண்டு உரிந்த, சொரசொரப்பான படகு டக்டக்கென்று துறைமுகத்தை விட்டு வெளியே போனபோது காபிக் கடையில் யாரும் தொப்பியைத் தொடவில்லை. யெரே வழி முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் புகைக்குழாய் துப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். கழுத்து வலித்தது. ஸ்லாவ்கா அவ்வப்போது சிவப்புப் பொட்டு சுவிட்சைத் தட்டுவாள், பம்ப் கொஞ்சம் தண்ணீரைக் கக்கிவிட்டு வறட்டுச் சத்தம் போடும், அணைப்பாள். பாதி வழியில் உப்புப் போட்ட மீனையும் ரொட்டியையும் எடுத்தாள். ஓட்டுகிறவனுக்கு ஊட்டிவிட்டாள், அவன் கை முழுக்க டீசல்.

பிளாஷ் குடும்பம் முன்பே வந்து மேல்வரிசை மரத்தடியில் காய் விழ வலையை விரித்திருந்தது. இவர்கள் கீழ்வரிசையில் ஆரம்பித்தார்கள். காய் நன்றாகத் திரண்டிருந்தது. விரலைச் சீப்பாக வைத்துக் கிளையை உருவ உருவ வலையில் மழை மாதிரி விழுந்தது. ஆனால் கைகள் நாலே நாலுதான். மதியம் தாண்டியபோது எட்டு சாக்கு கட்டியிருந்தார்கள், ஆறு மரம் பாக்கி இருந்தது. காற்று நின்று உடம்பு பிசுபிசுத்தது. தெற்கே அடிவானம் மங்கி, சின்ன அலைகள் ஒவ்வொன்றாகக் கல்லில் வந்து சாய ஆரம்பித்தன. யூகோ வருகிறது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். தெற்குக் காற்று நாள் கணக்கில் வீசும்.

மேலே பிளாஷின் மகன்கள் வலையைச் சுருட்டினார்கள். யெரே வேகம் கூட்டினான். இலையும் காயும் சேர்ந்து வந்தது, கிளை முறிந்தது. "மெதுவா," என்றாள் ஸ்லாவ்கா ஏணியிலிருந்து. அவன் காதில் வாங்கவில்லை. எட்டிக் கிளையை வளைத்தவன் கல் சறுக்கிக் கீழே உட்கார்ந்தான். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கடலைப் பார்த்தான். அப்புறம் கீழே கட்டிக் கிடந்த படகைப் பார்த்தான்.

பிளாஷ் சாக்கோடு இறங்கி வந்து நின்றான்.

"கிளம்பறோம். நீயும் கிளம்பு, காத்து வருது." மரங்களைப் பார்த்தான். "காய் நிக்குதேடா."

"நிக்குது."

"கடையில என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணே. இந்த வருஷம்னு சொன்னேன். வருஷம் எங்க முடிஞ்சுது?" யெரே எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "காத்து நிக்கட்டும். மிச்சத்துக்கு மறுபடி வருவோம்."

பிளாஷ் தம்பியின் தோளில் கையை வைத்துவிட்டு, "பம்பைப் பார்த்துக்கோ," என்று சொல்லி இறங்கிப் போனான்.

ஸ்லாவ்கா ஏணியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மரத்தடியில் எத்தனையோ அவசரமும் எத்தனையோ வசவும் கேட்டிருக்கிறாள். மறுபடி வருவோம் என்று ஒருத்தர் சொல்லி இப்போதுதான் கேட்கிறாள். சத்தம் போடாமல் இறங்கி வந்தாள்.

சாக்குகளை ஏற்றி முடித்ததும் யெரே ஏணியைத் தூக்கப் போனான்.

"அது இருக்கட்டும்," என்றாள். ஏணியைப் பறிக்காத மரத்தின் அடியில், காற்று புரட்டாமல் இரண்டு கல்லை வைத்துப் படுக்கப்போட்டுவிட்டு, முன்னால் நடந்துபோய்ப் படகில் ஏறினாள்.